வங்கிக்கு நல்ல நாடு எது? அளவுகோல் யார் கையில்?



வங்கித் தொழில் நடத்த ஏற்ற நாடு எது என்று உலகத்துப் பெரிய மனிதர்கள் கூடிக் கணக்கெடுப்பதுண்டு. நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்டு, முதலாவது இன்னது, பத்தாவது இன்னது என்று பட்டியல் வெளியிடுவார்கள். அதைப் பார்த்து முதலாளிமார் பணத்தை இடம் மாற்றுவார்கள். அமைச்சர்கள் மேடையேறிப் பெருமை பேசுவார்கள். பால் வெட்டும் தொழிலாளிக்கும், செக்ரோல் எழுதும் என்னைப் போன்ற கிராணிக்கும் இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை உண்டு. நிறைய உண்டு.

நாம் மூன்று வழியில் வங்கிக்குள் நிற்கிறோம். முதலாவது நமது கூலி. வேலைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு கூலியை வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்கிறது; தொழிலாளி எழுதிக் கேட்டால்தான் ரொக்கமாகக் கொடுக்கலாம். இரண்டாவது நமது கடன். மோட்டார் சைக்கிளுக்கும் வீட்டுக்கும் பிள்ளை படிப்புக்கும் வாங்கிய கடன் மாதந்தோறும் நம் சம்பளத்தைக் கடிக்கிறது. மூன்றாவது நமது சேமநிதி. ஊழியர் சேமநிதி வாரியம் நம் பணத்தில் நாட்டின் பெரிய வங்கிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறது, ஆர்.எச்.பி. வங்கியில் அதுதான் மிகப் பெரிய பங்குதாரர். ஆகவே வங்கிகள் நல்லபடி நடந்தாலும் நமக்குத்தான், நொடித்தாலும் நமக்குத்தான். வங்கிக்கு நல்ல நாடு எது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

வளைந்த அளவுகோல்

இந்தப் பட்டியல்களில் பேர்போனது உலக வங்கி 2003 முதல் வெளியிட்டு வந்த ‘டூயிங் பிசினஸ்’ என்னும் அறிக்கை. அதில் கடன் பெறும் வசதி என்று ஒரு பகுதி உண்டு. கடன் வாங்குபவர், கொடுப்பவர் இருவர் உரிமையையும் அளப்பதாகப் பெயர். கேட்ட கேள்விகளோ பெரும்பாலும் ஈட்டைப் பற்றியவை. கடன் கொடுத்தவர் நீதிமன்றப் படி ஏறாமலே ஈட்டுப் பொருளைக் கைப்பற்ற முடியுமா? முடியும் என்றால் மதிப்பெண். வாங்கியவருடைய கடன் சரித்திரம் ஓரிடத்தில் திரட்டி வைக்கப்பட்டிருக்கிறதா? ஆம் என்றால் மேலும் மதிப்பெண். வட்டி நியாயமா, சேமித்தவன் பணத்துக்குக் காவல் உண்டா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

2010-ஆம் ஆண்டு அறிக்கையில் கடன் பெறும் வசதிக்கு முதலிடம் நமது மலேசியாவுக்குத்தான். நல்லது. அதே மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பங்களின் கடன் எவ்வளவு தெரியுமா? நாடு முழுவதும் ஓராண்டில் உற்பத்தி செய்யும் செல்வம் நூறு வெள்ளி என்றால், குடும்பங்கள் சுமக்கும் கடன் ஏறத்தாழ எண்பத்து நான்கு வெள்ளி. கடன் எளிதாகக் கிடைப்பது வேறு. கடனைத் தாங்கும் கூலி கிடைப்பது வேறு. முதலாவதை அளந்தவர்கள் இரண்டாவதை அளக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே அறிக்கையில் தொழிலாளரை வேலைக்கு வைப்பது பற்றியும் ஒரு கணக்கு இருந்தது. ஆளை எளிதாக வேலையிலிருந்து நீக்க முடிந்தால் அந்த நாட்டுக்கு நல்ல மதிப்பெண்! உலகத் தொழிற்சங்கங்கள் விடாமல் எதிர்த்தன. 2009-இல் உலக வங்கி அந்தக் கணக்கை வழிகாட்டியாகக் கொள்வதைக் கைவிட்டது; பிறகு அது தரவரிசையிலிருந்தே நீங்கியது. முடிவில் அறிக்கை முழுவதுமே 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் 85-ஆம் இடத்துக்கு வரவேண்டிய சீனாவை 78-ஆம் இடத்துக்கு உயர்த்தக் கணக்கு திருத்தப்பட்டது என்று விசாரணையில் வெளியாயிற்று. தராசே சாய்ந்திருந்தால் நிறுத்த அரிசிக்கு என்ன மதிப்பு? 2024-இல் அதற்குப் பதிலாக வேறோர் அறிக்கை வந்திருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டியதில்லை. நமது சொந்த அளவுகோலைக் கையில் எடுப்போம். சரித்திரமே அதைச் செய்து கொடுத்திருக்கிறது.

பர்மா சொன்ன பாடம்

கடன் கொடுத்தவன் உரிமை மட்டும் பலமாக இருந்தால் போதும் என்பவர்கள் பர்மாவைப் பார்க்கட்டும். வெள்ளையர் ஆட்சியில் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்கு முதல் போட்டவர்களில் முக்கியமானவர்கள் நமது செட்டியார்கள். நிலத்தை ஈடு வாங்கிக் கடன் கொடுத்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 1930-ஐ ஒட்டி உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. விவசாயியால் கட்ட முடியவில்லை. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது. 1938-இல் அது இருபத்தைந்து பங்கு ஆயிற்று. சட்டப்படிதான் எல்லாம் நடந்தது.

விளைவு? நிலம் இழந்தவனுடைய கோபம் லேவாதேவிக்காரரோடு நிற்கவில்லை. மூட்டை தூக்கிய இந்தியக் கூலிக்காரன் மேலும் பாய்ந்தது. 1942-இல் கால்நடையாகவே பர்மாவை விட்டு ஓடிய கூட்டத்தில் ஏழைகள் எத்தனை பேர்! 1948-இல் நிலம் தேசிய உடைமையாக்கப்பட்டது. 1963-இல் வங்கிகளும் அப்படியே. வாங்கியவனுக்குப் பாதுகாப்பில்லாத சட்டம், கடைசியில் கொடுத்தவனுக்கும் பாதுகாப்பாக இருக்கவில்லை.

இந்தோனேசியாவில் நடந்தது

வங்கி தொடங்குவதை எளிதாக்கிவிட்டால் போட்டி பெருகும், எல்லாருக்கும் நன்மை என்பது இன்னொரு வாதம். இந்தோனேசிய அரசாங்கம் 1988 அக்டோபரில் அப்படித்தான் கதவைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் வங்கிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் பெருகிற்று. உலகம் மெச்சிற்று. ஆனால் பல வங்கிகள் பெரிய முதலாளிக் குடும்பங்களின் சொந்தப் பெட்டிகள். ஊரார் சேமிப்பை வாங்கித் தங்கள் கம்பெனிகளுக்கே கடன் கொடுத்துக்கொண்டார்கள். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற கதைதான்.

1997-இல் ரூபியா விழுந்தது. நவம்பர் முதல் தேதி 16 வங்கிகளை ஒரேயடியாக மூடினார்கள். மூடிய வங்கிகளின் சிறு சேமிப்பாளர்களுக்கு ஓரளவு பணம் தருவதாகச் சொன்னார்கள். மற்ற வங்கிகளில் போட்டிருந்தவர்களுக்கு உறுதி சொல்வார் இல்லை. அடுத்தது எது என்ற பயத்தில் மக்கள் நல்ல வங்கிகளிலிருந்தும் பணத்தை வாரினார்கள். எல்லா வைப்புக்கும் அரசாங்கம் பொறுப்பு என்ற அறிவிப்பு 1998 ஜனவரியில்தான் வந்தது. வங்கிகளைத் தூக்கி நிறுத்தியதற்கு ஆன செலவு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. கட்டியவர்கள் யார்? சந்தையில் மிளகாய் விற்றவளும் வரி கட்டியவனும்தான். இன்று நம்மோடு மரம் வெட்டும் இந்தோனேசியத் தோழர்களைக் கேளுங்கள். அந்த ஆண்டுகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைச் சொல்வார்கள். அங்கே வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனம் 2005-இல் வேலையைத் தொடங்கியது. வெள்ளம் வந்து போன பிறகு கட்டிய அணை அது.

நம் வீட்டுக் கதை

நாம் மட்டும் சுத்தம் என்று மார்தட்ட வேண்டாம். நமது பேங்க் நெகாரா 1959 ஜனவரி 26-இல் தொடங்கியது. இருந்தும் 1980-களின் தொடக்கத்தில் பூமிபுத்ரா வங்கியின் ஹாங்காங் கிளைக் கம்பெனி, கேரியன் என்ற ஒரே குழுவுக்குக் கடனை அள்ளிக் கொடுத்து, ஏறத்தாழ 250 கோடி வெள்ளி நட்டத்தில் முடிந்தது. கணக்கைத் தோண்டிப் பார்க்க அனுப்பப்பட்ட ஜலில் இப்ராஹிம் என்ற வங்கி அதிகாரி 1983 ஜூலையில் ஹாங்காங்கில் கொலையுண்டார். நேர்மையாகப் பேரேடு பார்த்ததற்கு அவர் கொடுத்த விலை உயிர். 1984-இல் பெட்ரோனாஸ் வந்து வங்கியை மீட்டது. பெட்ரோனாஸ் பணம் என்றால் நாட்டின் எண்ணெய்ப் பணம். அதாவது நம் எல்லாருடைய பணம்.

1986-இல் வேறொரு அடி. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. கூட்டுறவு என்ற பெயர் கெட்டதா? இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் லயத்தை விட்டுத் துரத்தப்பட்ட நாளில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டிற்று. பெயர் எதுவானாலும் வரவு செலவைப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் மூடினால் வங்கியும் விழும், கூட்டுறவும் விழும்.

பட்டறிவால் சில நன்மைகள் வந்தன. பி.ஐ.டி.எம். எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் 2005-இல் பிறந்தது. அதன் உறுப்பினரான ஒரு வங்கி விழுந்தால், ஒருவருக்கு அந்த வங்கியில் 2,50,000 வெள்ளி வரை பாதுகாப்பு. சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. இந்தியாவில் 2020 முதல் ஐந்து லட்சம் ரூபாய். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இந்தியக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தொகை மட்டும் போதாது. எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதும் முக்கியம். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி ஒரே கட்டிடக் கம்பெனிக் குழுவுக்குக் கொடுத்த கடனை மறைத்து அகப்பட்டபோது, போட்டவர்கள் முதலில் ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்றார்கள். வைத்தியச் செலவுக்கும் கலியாணச் செலவுக்கும் வைத்திருந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. அதற்குப் பிறகுதான் 2021-இல், இப்படி முடக்கப்பட்ட வங்கியின் சேமிப்பாளருக்குக் காப்புறுதிப் பணம் 90 நாளில் கிடைக்கச் சட்டம் திருத்தப்பட்டது.

நமது ஐந்து கேள்விகள்

ஆகவே தோழர்களே, ஒரு நாடு வங்கிக்கு நல்ல நாடா என்று யாராவது பட்டியல் நீட்டினால் ஐந்து கேள்வி கேளுங்கள். வங்கி விழுந்தால் சின்னச் சேமிப்பாளனுக்குப் பணம் எவ்வளவு, எத்தனை நாளில்? வங்கியின் சொந்தக்காரன் தன் கம்பெனிக்கே கடன் கொடுத்துக்கொள்வதைத் தடுக்க யார் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல் இருக்கிறதா? மாதச் சம்பளக்காரன் டவுனுக்கு அலையாமல், நியாய வட்டியில் சேவை பெற முடியுமா? கட்ட முடியாமல் தவிக்கும் கடனாளிக்குச் சட்டத்தில் மூச்சுவிட இடமுண்டா? கடைசியாக, நட்டம் வந்தால் அது யார் தலையில்? இந்த ஐந்துக்கும் நேரான பதில் சொல்லும் நாடே வங்கிக்கும் நல்ல நாடு. சேமிப்பவன் நம்பாத ஊரில் எந்த வங்கியும் நிலைத்ததில்லை.

மூன்றாவது கேள்வியில் நமது தோட்டங்கள் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காடுமே வாங்கலாம். ஆலோங் வாங்கும் வட்டி மாதக் கணக்கு. வங்கிக் கதவு உள்ளே வராத இடத்தில் ஆலோங் பின்கதவால் நுழைகிறான். சம்பள நாளில் தோட்டத்துக்குள்ளேயே பணம் எடுக்க வங்கி முகவர் வேண்டும். கடன் பத்திரத்தின் சாரத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் படித்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கிளைக் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்புவோம். தோட்ட நிருவாகத்தோடு அடுத்த ஒப்பந்தம் பேசும்போது இவையும் மேசைமேல் இருக்கட்டும்.

நாம் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. பணம் போடுமுன் அந்த இடம் பி.ஐ.டி.எம். உறுப்பினரா என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் வந்து மாதம் பத்து விழுக்காடு லாபம் என்று ஆசை காட்டுகிறவன் எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லாத வங்கிக்காரன். அவனிடம் ஒரு காசு கொடாதீர்கள். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லித் தவணையைத் திருத்த உதவுகிறது. போவதற்கு வெட்கப்பட வேண்டாம். பாரம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது கிராணிமாரின் கடமை. அதை நாமே ஏற்போம்.

பட்டியல் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கட்டும். நம் கூலியையும் நம் சேமநிதியையும் வைத்து நடக்கும் தொழிலுக்கு அளவுகோலை நாம் வைத்துக்கொள்வோம். சங்கமாக நின்று கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!