பெட்டியோடு வருகிறவருக்கும் ஒரு பேருந்து

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் உள்ள ஒரு விடுதிக்குப் போக வழியே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016 முதல் மெட்ரோ ஓடுகிறது. ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. சாலையில் மாநகரப் பேருந்து நிற்கிறது. பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்துக்குப் போனால் செயலி டாக்சியில் ஏறலாம். இத்தனை இருந்தும், இரண்டு பெரிய பெட்டிகளோடு வெளியே வருகிறவருக்கு டாக்சியை விட்டால் வேறு எதுவும் ஒத்துவருவதில்லை. கையை வீசிக்கொண்டு நடக்கிற பயணியை மனத்தில் வைத்தே மற்ற எல்லாம் அமைந்திருக்கின்றன. முனைய வாசலில் ஏறி விடுதிகள் இருக்கும் தெருவருகே இறங்கும்படி, பெட்டி வைக்க இடத்தோடு, இரவிலும் ஓடும் தாழ்தளப் பேருந்து சென்னைக்கு வேண்டும். அதைக் கொண்டுவரக்கூடிய இடத்தில் இருப்பது உங்கள் குழுமம்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சுமையின் அளவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் 23 கிலோ பெட்டிகள் இரண்டு கொண்டுவருகிறார். வளைகுடாவிலிருந்து வருகிறவருக்கு 30 கிலோ சாதாரணம். இதற்கு மேல் 7 கிலோ கைப்பை. மெட்ரோவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது நல்ல பயணம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. தொல்லையெல்லாம் ஏறுமுன்னும் இறங்கியபின்னும்தான். கிரீம்ஸ் சாலைக்குப் போகிறவர் ஆயிரம் விளக்கில் இறங்கி, லிஃப்ட் எந்த வாயிலில் என்று தேடி, மேலே வந்து மறுபடி ஆட்டோ பேச வேண்டும். திருவல்லிக்கேணிக்கு அரசினர் தோட்டத்தில் இறங்கினாலும் இதே கதை. தியாகராய நகருக்குப் போக நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ இறங்கினாலும் அப்படித்தான். ஆட்டோவுக்கே காசு கொடுப்பதென்றால் முதலிலேயே டாக்சி பிடித்திருக்கலாமே என்று பயணி நினைப்பதில் தவறென்ன? நேரமும் அவருக்கு எதிராக நிற்கிறது. மெட்ரோ விடியற்காலை ஐந்து மணிவாக்கில் தொடங்கி இரவு பதினொன்று வரை ஓடுகிறது. பெட்டிகள் அதிகம் வந்து இறங்கும் வெளிநாட்டு விமானங்களில் பலவும் நள்ளிரவுக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும்தான் தரையிறங்குகின்றன. சுமை மிகும் வேளையில் மெட்ரோ நிலையம் பூட்டிக் கிடக்கிறது.

விமானத்தில் வருகிறவருக்கு டாக்சிக்குக் கொடுக்கவா பணம் இல்லை என்று கேட்பார்கள். கோப்புகளில் இந்தக் கேள்வி எழுதப்படுவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களைப் பெரும்பாலும் கொல்வது இதுதான். விமானத்தில் யார் வருகிறார்கள் என்பதைப் பார்க்காமல் கேட்கப்படும் கேள்வி அது. இரண்டு ஆண்டு உழைப்பை அட்டைப் பெட்டியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருகிற கட்டடத் தொழிலாளி, ஊர் ரயிலுக்காக எழும்பூரில் ஒரு பகல் தங்குகிறார். வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மருத்துவத்துக்காக வரும் குடும்பங்களை நம்பியே கிரீம்ஸ் சாலைப் பக்கத்து லாட்ஜுகள் பல நடக்கின்றன. அந்தக் குடும்பங்கள் விமானச் சீட்டை வசதியால் வாங்கவில்லை, நோயாளியால் ரயிலில் இரண்டு நாள் உட்கார முடியாது என்பதால் வாங்கின. பெட்டிகளில் பாதி பாத்திரமும் துணியுமாக, எத்தனை வாரம் தங்க வேண்டியிருக்கும் என்று தெரியாமல் வருகிறார்கள். ஊரும் மொழியும் தெரியாத அவர்களிடம் நள்ளிரவில் டாக்சி வாடகை எவ்வளவு கேட்கப்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மெட்ரோவுக்கு இவ்வளவு செலவிட்டபின் பேருந்து எதற்கு என்ற கேள்விக்கு அதிக மதிப்பு உண்டு. பெங்களூரில் 2008இல் புதிய விமான நிலையம் திறந்த காலம் தொட்டு ஓடும் வாயு வஜ்ரா பேருந்துகளையும் ஐதராபாத்தின் புஷ்பக் பேருந்துகளையும் சான்றாகக் காட்டினால், அந்த விமான நிலையங்களுக்கு மெட்ரோ இல்லாததால் பேருந்து ஓடுகிறது என்பீர்கள். சரி, ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே 1998 முதல் விமான நிலையத்துக்கென்றே தனி விரைவு ரயில் உண்டு. அப்படியும் ஏ21 என்ற பேருந்து விமான நிலையத்திலிருந்து விடுதிகள் நிறைந்த நாதன் சாலை வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்கு அடுக்குகள்; மேல்தளத்தில் உட்கார்ந்தவர் தன் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னத் திரை. பெட்டி களவு போகும் என்ற பயம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும்! இரவில் அதற்குத் தனித் தடமே இருக்கிறது. ரயில் நிலையத்தோடு ரயிலின் வேலை முடிந்துவிடுகிறது. விடுதித் தெரு வரை பெட்டியைக் கொண்டுபோகப் பேருந்துதான் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வீணாகிவிடவில்லை.

முனைய வாசலில் பேருந்து நிற்க இடமில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. முப்பது பேரை ஏற்றும் பேருந்து அடைக்கும் இடத்தில் மூன்று கார்கள்தான் நிற்கும். ஜி.எஸ்.டி. சாலையிலேயே நிற்கட்டும் என்று முடிவெடுத்தால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம், ஏனென்றால் பெட்டியோடு சாலை வரை யாரும் நடந்து வரமாட்டார்கள். பிறகு கூட்டமில்லை என்று சொல்லித் தடத்தை நிறுத்திவிடுவார்கள். டாக்சி ஓட்டுநர்களின் பிழைப்பு கெடுமோ என்ற கவலை நியாயமானது. ஆனால் வீட்டு வாசல் வரை போக விரும்புகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், பெங்களூரில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன.

உண்மையான தடை வேறு. வாசல் விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கிறது. பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தினுடையது. மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். திரிசூலம் ரயில்வேயைச் சேர்ந்தது. இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் 2010இல் சட்டம் இயற்றி, இன்று முதலமைச்சரைத் தலைவராகக் கொண்டிருக்கும் உங்கள் குழுமம் உருவாக்கப்பட்டது. 2025இல் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றையும் ‘சென்னை ஒன்று’ செயலிக்குள் கொண்டுவந்தீர்கள். சீட்டுகளைச் சேர்க்க முடிந்த உங்களால் வாசலையும் பேருந்தையும் சேர்க்க முடியும். அதே ஆண்டில் வந்த தாழ்தள மின்சாரப் பேருந்துகளில் சிலவற்றின் இருக்கைகளைக் குறைத்து, பெட்டி அடுக்குகள் பொருத்துங்கள். அண்ணா சாலை, கிரீம்ஸ் சாலை, திருவல்லிக்கேணி, எழும்பூர் வழியாக ஒரு தடம், தியாகராய நகர், நுங்கம்பாக்கம் வழியாக இன்னொரு தடம் போதும். இரவில் மணிக்கு ஒன்றாவது ஓடட்டும். மூன்று மாதத்தில் கணக்குப் பார்த்து நிறுத்தாமல் ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். குழுமத்தின் அடுத்த கூட்டத்துக்கான பொருள் நிரலில் இதைச் சேர்க்கும்படியும், விமான நிலைய ஆணையத்திடம் வாசலில் இரண்டு பேருந்துகளுக்கு இடம் கேட்டு எழுதும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்