பழைய பாட்டு, புதிய ஒலிப்பதிவு

பழைய பாட்டென்றால் பொதுச்சொத்து என்று குறும்படம் எடுக்கும் மாணவர் பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. இந்தியச் சட்டப்படி இசையின் உரிமை, அதை இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளை எவரும் பயன்படுத்தலாம். 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கோ 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் ஒலிப்பதிவு வேறு சொத்து. அது வெளியானபின் 60 ஆண்டுகள் அதற்கும் தனியே உரிமை உண்டு. புதிய குறுந்தகட்டிலிருந்து தியாகராஜரை எடுத்தாண்டால் அது அத்துமீறலே.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் கிடைக்கும் இசைக்கும் நிபந்தனைகள் உள்ளன. ‘மாற்றம் கூடாது’ என்றிருப்பின் காட்சியோடு இணைப்பதும் கூடாது. படவிழாவுக்கு அனுப்பும்போதுதான் இது உறைக்கும். பல மாத உழைப்பு அங்கே முடங்கிவிடும்.

என் கட்சி எளியது. இலவசத்தைத் தேடி அலைவதைவிட, வீணை பயிலும் வகுப்புத் தோழியை அதே கீர்த்தனையை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள், இயன்றதைக் கொடுங்கள், படத்தில் பெயர் போடுங்கள். சட்டச் சிக்கல் தீரும் என்பது மட்டுமல்ல, உங்கள் படத்துக்கென்றே ஓர் இசையும் வாய்க்கும்.