இரண்டாவது குரல்

பொது அறிவு பாட்காஸ்ட் செய்கிறேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் உடனே பரீட்சை வைத்துவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில், "மங்கோலியாவுக்குத் தலைநகர் எது, சொல்லும்மா பார்ப்போம்" என்று பெரியவர் ஒருவர் மடக்கினார். உலான்பாத்தர் என்றேன். அவருக்குப் பரம திருப்தி. ஆனால், அது என் வேலையே இல்லை.

எங்கள் நிகழ்ச்சியில் விஷயம் சொல்பவர் அண்ணன். வங்கி அதிகாரி, கல்லூரி நாளிலிருந்து வினாடி வினா மேடைகளில் ஊறியவர். நான் இரண்டாவது குரல். வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்கு இந்த உத்தியோகம் புரியும். தலைவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டு கதையை நடத்திப் போவார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். வெறும் ஆமாம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் எந்த இடத்தில் குழம்பும் என்று அவருக்குத் தெரியும். அங்கே கதையை நிறுத்தி, "அதெப்படிண்ணே?" என்று கேட்டுவிடுவார்.

அதனால் நான் அதிகம் படித்துவிட்டு வரக்கூடாது என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தலைப்பு மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரியும். மிச்சத்தை மைக் முன்னால்தான் கேட்பேன். வியப்பை நடிக்க முடியாது. நடித்தால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேருந்தில் தொங்குகிறவருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஸ்டுடியோ என்று பெரிதாக எண்ண வேண்டாம். வேளச்சேரியில் அண்ணன் வீட்டுப் படுக்கையறைதான். எதிரொலி வராமலிருக்க பீரோவைத் திறந்து வைத்துவிடுவோம், அண்ணியின் புடவைகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் சீனப் பெருஞ்சுவர் பற்றிப் பேசியபோது இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பெருஞ்சுவர் எபிசோடில் நான் கேட்டது ஒரே கேள்வி: "நிலாவிலிருந்து தெரியும்னு யாருண்ணே பார்த்துச் சொன்னது?" யாரும் பார்த்துச் சொல்லவில்லை. மனிதன் நிலவுக்குப் போவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அந்தக் கதை அச்சில் இருந்தது. 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பி, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொன்னார். அவர் சுற்றியதோ பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். நிலாவோ ஏறக்குறைய நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுவர் மிக நீளம், உண்மை. ஆனால் அகலம் சில மீட்டர்தான். எட்ட இருக்கும் கண்ணுக்கு நீளம் உதவாது, அகலம்தான் கணக்கு.

எங்களைக் கேட்பவர்களில் நிறையப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்குப் பொது அறிவு பொழுதுபோக்கு இல்லை, வேலை. ஒரு மதிப்பெண்ணில் ஆயிரம் பேருக்குப் பின்னால் போய்விடுவார்கள். அந்தப் பதற்றத்தோடு கேட்பார்கள். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று தலைமுறை தலைமுறையாக வழிகாட்டி நூல்கள் சொல்லி வந்தன. 2012-இல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதைக் கேட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டுத் துறை அமைச்சகம் பதில் கொடுத்தது. இதைச் சொன்ன வாரம் வந்த குரல் செய்திகளில் பாதிக்குமேல் ஒரே கேள்வி: "அக்கா, அப்ப பரீட்சைல எதை டிக் பண்றது?" சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. அந்தச் சிறுமி கேட்கும்வரை நாமெல்லாம் டிக் அடித்துக்கொண்டுதானே இருந்தோம்?

பெரிய சண்டை வந்தது தஞ்சைப் பெரிய கோயிலால்தான். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது நம் எல்லோருக்கும் பாட்டி சொன்னது, சுற்றுலா வழிகாட்டி சொன்னது, வாட்ஸ்அப்பும் சொன்னது. சாயங்காலம் அந்தப் பிராகாரத்தில் போய் நின்றால் நிழல் நீளமாகத் தரையில் கிடப்பதைப் பார்க்கலாம். அதை ஒளித்து வைக்க யாராலும் முடியாது. அண்ணன் இதைச் சொன்னதும், "தமிழனோட பெருமையைக் குறைக்கிறீங்க" என்று வரிசையாகச் செய்திகள்.

எனக்கு வருத்தம் அதில் இல்லை. நிழலையே பேசிக்கொண்டிருப்பதால் நிஜமான அதிசயத்தை யாரும் கேட்பதில்லை. தஞ்சையைச் சுற்றி வயலும் வண்டலும்தான். கருங்கல் மலை கிடையாது. இத்தனை கல்லும் தொலைவிலிருந்து வந்து, இருநூறு அடிக்கு மேலே ஏறியிருக்கிறது. 1010-இல் வேலை முடிந்த அந்தக் கோயிலின் சுவர்களில் கணக்கும் வெட்டப்பட்டிருக்கிறது. கோயில் பணிக்குப் பல ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்பதுவரை இருக்கிறது. கோயிலைக் கட்டிய தச்சனின் பெயரும் இருக்கிறது: குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியலைப் படிக்க முடிகிற ஊரில் நின்றுகொண்டு, இல்லாத ஒன்றுக்கு எதற்கு வாதாட வேண்டும்?

பொது அறிவுப் பசி நமக்குப் புதிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாகத் திரட்டிய அபிதான சிந்தாமணி 1910-இல் வந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன் கல்கண்டில் துணுக்குகளைப் பரிமாறினார். ஜூனியர் விகடனில் சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். துணுக்கோ பதிலோ, அச்சானால் அதுவே முடிவு. வாசகர் இடையில் புகுந்து இன்னொரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் தபால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பாட்காஸ்ட் இங்கேதான் மாறுகிறது. அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய 'ஸ்டஃப் யூ ஷுட் நோ'வில் ஜோஷ் கிளார்க், சக் பிரையன்ட் இருவர். லண்டனில் 2014-இல் தொடங்கிய 'நோ சச் திங் ஆஸ் எ ஃபிஷ்' நிகழ்ச்சியில் நாலு பேர், ஆளுக்கொரு தகவல், ஒருவரை ஒருவர் பேச விடாமல் குடைவார்கள். தகவல் எல்லாம் எங்கேயும் கிடைப்பதுதான். அந்தக் குடைச்சலுக்காகத்தான் ஜனங்கள் கேட்கிறார்கள்.

தமிழில் குடைவது ஒரு பெண்ணாக இருந்தால் வேறு சிக்கல். "அக்கா, அவரைப் பேச விடுங்க" என்பது எனக்கு வாடிக்கையாக வரும் செய்தி. அண்ணனுக்கு, "தங்கச்சியைக் கேள்வி கேட்க விடுங்க" என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆரம்பத்தில் எடிட் செய்யும் தம்பிகூட என் குறுக்கீடுகளை நறுக்கித் தள்ளினான். அண்ணன்தான் தடுத்தார். "அதை எடுத்துட்டா நான் பாடம் நடத்துற மாதிரி இருக்கும்டா. எனக்கே தூக்கம் வரும்" என்றார்.

ஒரு தகவலைச் சந்தேகப்படுவது சொன்னவரை அவமதிப்பதாகவே நம் வீடுகளில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெரியவர் சொன்னால் எதிர்க்கேள்வி இல்லை, வாத்தியார் சொன்னால் இல்லை, குடும்பக் குழுவில் மாமா அனுப்பினால் சுத்தமாக இல்லை. அண்ணனை நான் மதிக்கிறேன்; அதனால்தான் கேட்கிறேன். கேள்வி தாங்காத தகவலை மனப்பாடம் செய்துவைப்பதற்குப் பெயர் அறிவு இல்லை, சேமிப்பு.

எங்கள் நிகழ்ச்சிக்குத் தகவல் அனுப்புகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஆரம்பித்தால், அதை எங்கே படித்தீர்கள் என்று எழுதி முடியுங்கள்.