எண்ண ஒரு நாள், தீர்க்க ஐந்து ஆண்டு

2021 சட்டப்பேரவைத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் திமுக வேட்பாளர் ஜெ. கருணாநிதி பெற்ற வாக்குகள் 56,035. அதிமுக வேட்பாளர் பி. சத்தியநாராயணன் பெற்றவை 55,898. வித்தியாசம் 137. அவ்வாண்டு தமிழகத்தில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் வேறெந்தத் தொகுதியிலும் வெற்றி தீர்மானிக்கப்படவில்லை. பாண்டி பஜாரின் பின்புறத் தெருக்களில் நான்கைந்து அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்போர் எண்ணிக்கைகூட இதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

குறைந்த வித்தியாசம் ஒரு குற்றமன்று. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கும் தொகுதியில் சில நேரங்களில் முடிவு இப்படித்தான் அமையும். தோற்றவருக்கும் அவருக்கு வாக்களித்தவர்களுக்கும் ஐயம் எழுவதும் இயல்பே. அந்த ஐயத்தை எங்கே கொண்டு செல்வது, எத்தனை நாளில் விடை கிடைக்கும் என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். முதல் கேள்விக்கு நம் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. இரண்டாவதற்கான விடை ஏட்டில் மட்டுமே உள்ளது.

இந்த ஏற்பாட்டின் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது. குடியரசின் முதல் பொதுத் தேர்தலின்போது அன்றைய சென்னை மாகாணத்தின் நாமக்கல் தொகுதியில் போட்டியிட விரும்பிய என்.பி. பொன்னுசாமியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பு, தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றங்கள் குறுக்கிடலாகாது என்றது. அரசமைப்புச் சட்டத்தின் 329(பி) பிரிவு சொல்லும் ஒரே வழி தேர்தல் மனு. அதையும் முடிவு வெளியான பிறகே தாக்கல் செய்ய முடியும். தேர்தல் தடையின்றி நடந்து முடிய வேண்டும் என்ற நோக்கில் இது அறிவார்ந்த ஏற்பாடு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை ஓர் ஒப்பந்தமாகவே பார்க்கிறேன். ‘இப்போது பொறுத்திரு, பிறகு உன் வழக்கை விரைந்து கேட்கிறோம்’ என்று அரசு வேட்பாளரிடம் சொல்கிறது.

ஒப்பந்தத்தின் முதல் பாதியை வேட்பாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காப்பாற்றி வருகிறார்கள். இரண்டாம் பாதி என்ன ஆயிற்று? 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் மனு தள்ளுபடியாகும். அதே சட்டத்தின் 86-வது பிரிவு, விசாரணையை ஆறு மாதங்களுக்குள் முடிக்க ‘முயல வேண்டும்’ என்கிறது. குடிமகனுக்குக் கெடு, நீதிமன்றத்துக்கு முயற்சி. இந்த ஒரு சொல் வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

ராதாபுரத்தை எடுத்துக்கொள்வோம். 2016 தேர்தலில் அங்கே அதிமுகவின் ஐ.எஸ். இன்பதுரை, திமுகவின் மு. அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தபால் வாக்குகளில் 203 செல்லாதவை என ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்கள் அதற்குரிய அதிகாரம் பெற்றவர்கள் அல்லர் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒதுக்கப்பட்ட வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைப்போல நான்கு மடங்கு. அப்பாவு உயர் நீதிமன்றம் சென்றார். தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ணுமாறு உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால், முடிவை வெளியிட அதே நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 மே மாதம் பேரவையின் ஆயுள் முடியும்வரை அந்த முடிவு அறிவிக்கப்படவில்லை. அடுத்த தேர்தலில் அதே தொகுதியில் வென்ற அப்பாவு பேரவைத் தலைவராகவே ஆகிவிட்டார்!

எண்ணுவதற்குத் தேவைப்பட்டது ஒரு நாள். அந்த நாளை எட்ட மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2016 முதல் 2021 வரை அத்தொகுதி மக்களின் சார்பில் பேரவையில் அமர்ந்திருக்க வேண்டியவர் யார் என்பது அந்த ஐந்தாண்டுகளில் ஒரு நாள்கூட ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்படவில்லை. இது எந்தக் கட்சிக்கு நேர்ந்த அநீதி என்பதைவிட, அங்கு வாக்களித்தவர்களுக்கு நேர்ந்த இழப்பு என்பதே முக்கியம்.

இதில் கட்சி வேறுபாடு இல்லை. 2011-இல் கொளத்தூரில் மு.க. ஸ்டாலின் பெற்ற வெற்றியை எதிர்த்து அதிமுகவின் சைதை துரைசாமி மனு தாக்கல் செய்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது 2017 ஜூனில்; அதற்குள் அந்தப் பேரவை முடிந்து அடுத்த பேரவைக்கும் ஓராண்டு ஆகியிருந்தது. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்ற தீர்ப்பு வென்றவருக்கும் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பதவிக்காலம் முழுவதையும் அவர் ஒரு வழக்கின் நிழலில் கழிக்க நேர்ந்தது. தேனியில் 2019-இல் வென்ற ஓ.ப. ரவீந்திரநாத்தின் தேர்தல் செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஜூலையில். அடுத்த மாதமே அதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதிக்க, அவர் 2024 வரை உறுப்பினராகவே நீடித்தார்.

இத்தாமதம் தற்செயலானதன்று. கடனைக் காலந்தாழ்த்திக் கட்டினால் வட்டி இல்லை என்று ஒரு வங்கி அறிவித்தால் யார்தான் உரிய நாளில் கட்டுவார்கள்? தேர்தல் வழக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டவரின் நிலையும் அதுவே. ஒவ்வொரு ஒத்திவைப்பும் ஒவ்வோர் இடைக்கால மனுவும் அவருக்கு இலாபம். தாமதத்துக்கு அவர் தரும் விலை எதுவுமில்லை. வழக்குக்குரிய சொத்து நிலமாக இருந்தால் இருபது ஆண்டு கழித்தும் நிலம் அங்கேயே இருக்கும். சட்டமன்ற உறுப்பினர் பதவியோ நாள்தோறும் தேய்கிறது. ஐந்தாண்டு கழித்துக் கையில் கிடைப்பது ஒரு தாள் மட்டுமே. இருந்தும் இவ்வழக்குகள் பெரும்பாலும் உரிமையியல் வழக்குகளின் நடைமுறையிலேயே, ஏற்கெனவே சுமை தாங்காத நீதிபதிகளின் முன் நடக்கின்றன.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. தோற்றவர் கேட்டவுடனெல்லாம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டால் எந்த வெற்றியும் நிலைக்காது. வாக்கின் இரகசியமும் கெடும். அதனால்தான் உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்குக் கடுமையான ஆதாரங்களைக் கேட்டு வந்திருக்கிறது. இந்தக் கவலை நியாயமானது. ஆனால், நாம் இரு வேறு வகை வழக்குகளை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். பணம் கொடுத்தார், சொத்தை மறைத்தார் என்பன போன்ற குற்றச்சாட்டுகளுக்குச் சாட்சிகள் வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், காலம் பிடிக்கும். எண்ணிக்கை சரியா, ஒதுக்கப்பட்ட தபால் வாக்கு செல்லுமா என்ற கேள்விக்கு மேசையும் வாக்குச்சீட்டும் இயந்திரமும் போதும்.

விரைவு இயலாததன்று என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சண்டீகர் மேயர் தேர்தல் 2024 ஜனவரி 30 அன்று நடந்தது. தேர்தல் அதிகாரி செல்லாதவை என ஒதுக்கிய எட்டு வாக்குகளையும் செல்லும் என அறிவித்து, உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 20 அன்றே முடிவை மாற்றியது. தென்காசியில் 370 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த 2021 தேர்தலின் தபால் வாக்குகள், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2023 ஜூலையில் மீண்டும் எண்ணப்பட்டன. வென்றவரே மீண்டும் வென்றார். ஐயம் தீர்ந்தது. அதை 2021 ஜூலையிலேயே தீர்த்திருக்க முடியாதா?

மின்னணு இயந்திரங்களைப் பற்றிய புகார்களையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தோற்றால் இயந்திரம், வென்றால் மக்கள் தீர்ப்பு என்று பேசும் கட்சிகளின் வாதத்தில் எனக்கு மதிப்பில்லை. ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே வேளையில், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்டால் ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சரிபார்க்கலாம் என்ற வழியைத் திறந்தது. கெடுவுடன் கூடிய சிறு வழி, கெடுவில்லாத பெரு வழியைவிடப் பயன் தருவது.

தியாகராய நகருக்கு வருவோம். 2025-இல் சத்தியநாராயணன் உயர் நீதிமன்றத்தை நாடியது வாக்காளர் பட்டியல் குறித்து. தம் கட்சி ஆதரவாளர்கள் ஏறத்தாழ 13,000 பேரின் பெயர்கள் நீக்கப்பட்டதாக அவர் குற்றஞ்சாட்டினார். 137 வாக்குகளில் முடிவான தொகுதியில் பட்டியலின் ஒவ்வொரு வரியும் சர்ச்சைக்குரியதாகிவிடுகிறது. அதன்பின் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14.25 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என ஆணையம் காரணம் சொன்னது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதில் பெருமளவு உண்மை இருக்கும் என்பது புரியும். ஆனால், தவறாக விடுபட்ட ஒருவருக்கு வாக்குப்பதிவுக்குப் பிறகு கிடைக்கும் தீர்வால் என்ன பயன்? இங்கேயும் கேள்வி காலத்தைப் பற்றியதுதான்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. வெற்றி வித்தியாசம் பதிவான வாக்குகளில் கால் விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், எவரும் கேட்காமலே மறுநாள் மறு எண்ணிக்கை நடத்தப்பட வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அரை விழுக்காடு என்ற வரம்புடன் இத்தகைய சட்டம் இருக்கிறது. எண்ணிக்கை தொடர்பான மனுக்களைத் தனியே பிரித்து, வேறு பணி ஒதுக்கப்படாத ஒரு நீதிபதியிடம் தந்து, 60 நாள் கெடு விதிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு மேலும் 30 நாள். 86-வது பிரிவில் ‘முயல வேண்டும்’ என்பதை ‘முடிக்க வேண்டும்’ என்று நாடாளுமன்றம் திருத்தலாம். கெடு தவறினால் தாமதத்துக்கான காரணத்தை உயர் நீதிமன்றப் பதிவாளர் எழுத்து மூலம் வெளியிட வேண்டும் என்றும் சேர்க்கலாம். மனுதாரர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை சட்டப்படி 2,000 ரூபாய். அத்தொகையை உயர்த்தினால் வெற்று வழக்குகளும் குறையும்.