புத்தகக் கடை வாசலில் நின்றுவிட்ட இலவசக் கல்வி

இலவசக் கல்வி, இலவசக் கல்வி என்று ஏறிய மேடைதோறும் முழங்குகிறார்கள். கன்னங்கராவின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்காத அரசியல்வாதி இந்நாட்டில் இல்லை. 1945 ஆம் ஆண்டில் அரிவரி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்க வழிவகுத்தவர் அவர். அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆனால், ஆட்சியாளரை ஒன்று கேட்கிறோம்: பேராதனை விரிவுரை மண்டபத்தில் விலையின்றிக் கிடைக்கும் கல்வி, கண்டி நகரத்துப் புத்தகசாலையின் வாசற்படியில் ஏன் நின்றுவிடுகிறது?

பள்ளிப் பிள்ளைக்கு 1980 முதல் அரசு பாடநூலை இலவசமாக வழங்கி வருகிறது. அதே பிள்ளை இரவு பகலாய்ப் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டால், மறுநாளே புத்தகம் அவனுடைய சொந்தக் கவலையாகிவிடுகிறது. மருத்துவத்தையும் பொறியியலையும் அவன் ஆங்கிலத்திற்றான் படிக்க வேண்டும். நூல்களோ இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உருவாகின்றன. விலையும் பவுணிலும் டொலரிலுமே குறிக்கப்படுகின்றது.

கணக்குப் பார்ப்போம். ஐம்பது டொலர் விலையுள்ள ஒரு நூல். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. நூல் 10,000 ரூபா. அவ்வாண்டு மார்ச்சில் ரூபாவைக் காற்றிலே பறக்க விட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று; அதே நூல் 18,000 ரூபா. நூலில் ஓர் எழுத்தாவது கூடிற்றா? இல்லை. பின்னர் டொலர் 300 ரூபாவை நோக்கி இறங்கியது. ஆறுதல் அடைய விட்டார்களா? 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியை 18 வீதமாக்கினார்கள். அதுவரை விலக்குப் பெற்றிருந்த புத்தகத்தையும் அந்த வலைக்குள் இழுத்துப் போட்டார்கள். வரியோடு 17,700 ரூபா! கப்பற்கூலியையும் கடைக்காரரின் இலாபத்தையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

அந்த 2024 இலேதான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயமாயிற்று. பல்கலைக்கழகத்தின் தலைக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையில் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, பதின்மூன்று நாட்கூலியை அப்படியே கொண்டுவந்து கொட்டினாலும் அன்று அந்த ஒரு நூலை வாங்கியிருக்க முடியாது. மகாபொல உதவிப்பணம் இருக்கிறதே என்பார்கள். அன்று அது மாதம் 5,000 ரூபா. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். அப்போதும் இரண்டு மாதப் பணம் சேர்ந்தாலும் நூல் கிட்டவில்லை. சோற்றுக்கும் அறைவாடகைக்கும் பஸ்ஸுக்கும் என்ன செய்வது? (மகாபொல நிதிக்கு அதிர்ஷ்டலாபச் சீட்டுப் பணமும் வருகிறது. ஏழையின் சூதாட்டக் காசில் ஏழையின் மகன் படிக்கிறான்!)

ஆகவே அவன் போட்டோப் பிரதிக் கடைக்குப் போகிறான். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டமோ, நூலின் முழுவதையும் பெரும் பகுதியையும் பிரதி செய்யலாகாது என்கிறது. வாங்கவும் வழியில்லை, பிரதி எடுக்கவும் உரிமையில்லை! இது நமக்கு மட்டும் வந்த துன்பமன்று. 2012 இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் இன்னொரு பெரு நிறுவனமும் டில்லிப் பல்கலைக்கழகத்தையும் அதன் வளாகத்துச் சிறு பிரதிக் கடையையும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. நூற்பகுதிகளை மாணவருக்குத் தொகுத்துக் கொடுத்ததே குற்றமாம். 2016 இல் டில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது; மறுவருடம் பதிப்பகத்தார் தாமே விலகிக்கொண்டனர்.

மலிவான நூல் இந்நாட்டுக்குப் புதிதா? 1960 முதல் பிரித்தானிய அரசின் உதவியோடு வந்த மலிவுப் பதிப்புகளை வைத்துப் படித்துத்தான் நமது மூத்த வைத்தியர்கள் பலரும் தேர்ந்தனர். மாஸ்கோவின் கணித, பௌதிக நூல்கள் அதனினும் மலிவு. 1991 இல் சோவியத் வீழ்ந்தது. 1997 இல் பிரித்தானியத் திட்டமும் நின்றது. அந்நியர் கைவிட்ட இடத்தில் நமது அரசு கை கொடுத்திருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் கொடுக்கவும் செய்தது. சுயமொழிக் கல்வி பேராதனையில் புகுந்த 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசகரும மொழித் திணைக்களம் ஆங்கிலப் பாடநூல்களைத் தமிழாக்கி வெளியிட்டது. அந்தப் பணியைத் தேய விட்டது யார்?

பணமில்லை என்ற பல்லவியை எடுக்க வேண்டாம். ஏறத்தாழ நாற்பது இலட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நூல் அச்சிடும் அரசுக்கு, ஆண்டுக்கு நாற்பதினாயிரம் அளவில் பல்கலைக்கழகம் புகுவோர் பெருஞ்சுமையா? சட்டம் இடந்தராது என்பதும் பொய். 1971 இல் பாரிசில் திருத்திய பேர்ண் உடன்படிக்கையின் பின்னிணைப்பு, வளர்முக நாடுகள் கற்பித்தலுக்காக நூல்களை மொழிபெயர்க்கவும் மறுபதிப்புச் செய்யவும் உரிமம் வழங்க வழி வைத்திருக்கிறது.

மறுபதிப்பு உரிமையை அரசு வாங்குக, உள்ளூரில் அச்சிடுக, தமிழாக்கப் பணியை மீண்டும் தொடங்குக, கல்லூரி நூலின்மீது ஒரு சதமும் வரி வேண்டாம். எந்நூலை முதலில் அச்சிடுவது என்று ஆராய ஆணைக்குழுவும் அமைக்க வேண்டாம். பேராதனை நூலகத்தில் எந்த நூலுக்காக மாணவர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று அங்குள்ள நூலகரைக் கேட்டாலே போதும். அரை நாளில் பட்டியல் வந்துவிடும்.