உத்தரவாதச் சீட்டும் உண்மையும்

 

2024ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வைகையின் வடகரையில் வாழும் மதுரை மக்கள் அந்த நாளை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர், நரிமேடு, பீ.பீ.குளம், கோரிப்பாளையம் பகுதிகளின் தெருக்களெல்லாம் வாய்க்கால்களாக மாறின. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று மாலை தல்லாகுளத்தில் வசிக்கும் நம் வாசகர் ஒருவரின் கார், கோரிப்பாளையத்தைக் கடந்து வீடு திரும்பும் வழியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் அவருடைய மூத்த மகன். நின்ற வண்டியின் சாவியை அவர் மூன்று முறை திருகியிருக்கிறார். மூன்றாம் முறை 'டக்' என்றொரு சத்தம் கேட்டது. அதன்பின் வண்டி அசையவே இல்லை.

வாங்கி ஒன்றரை ஆண்டே ஆன கார் அது. வாரண்டி மூன்று ஆண்டுகளுக்கு இருந்தது. ஆகவே மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திற்குச் சென்றார்கள். போகும் வழியில் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னாராம்: "தண்ணீரில் போனதாகச் சொல்லிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி தானாக நின்றது என்று மட்டும் சொல்லுங்கள். வாரண்டியில் எஞ்சினையே மாற்றித் தருவார்கள்." அப்படியே சொல்லப்பட்டது. ஜாப் கார்டிலும் அப்படியே எழுதப்பட்டது. நம் வாசகர் கீழே கையொப்பமிட்டார்.

எஞ்சினைத் திறந்தார்கள். ஏர் ஃபில்டர் ஈரமாக இருந்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றது. ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. "இது தயாரிப்புக் குறை அன்று, வாரண்டி பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சென்று, மழைத் தண்ணீரில் நின்றது என்று விண்ணப்பித்தார். அவர்களோ ஜாப் கார்டை எடுத்துக் காட்டி, "இங்கே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறீர்களே" என்று கேட்டார்கள். இரண்டு கதவுகளும் சாத்திக்கொண்டன. சில இலட்சங்கள் செலவாகும் என்ற மதிப்பீட்டுச் சீட்டோடு அவர் இப்பத்தி எழுதுபவனிடம் வந்தார்.

நடந்தது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி, காற்றையும் எரிபொருளையும் அழுத்துகிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. காற்று உள்ளே போகும் குழாய் வழியே தண்ணீர் புகுந்துவிட்டால் மேலேறும் பிஸ்டன் பாறையில் மோதியது போல் நிற்கிறது. அதைத் தள்ளும் ராடு வளைகிறது அல்லது முறிகிறது. தண்ணீரில் தானாக நின்ற வண்டியில் பெரும்பாலும் சேதம் சிறியதாகவே இருக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலும் போதுதான் பெருஞ்சேதம் நேர்கிறது. ஆகையால் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடவே கூடாது. இறங்கித் தள்ளி, மேட்டில் நிறுத்தி, இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

இனி வாரண்டி என்பது யாது? தயாரிப்பிலும் மூலப்பொருளிலும் உள்ள குறைக்குத் தயாரிப்பாளர் தரும் எழுத்து மூலமான வாக்குறுதி அது. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை என்பது அதன் எல்லை. வெளியிலிருந்து வந்த சேதம், குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாமை, வெளியாரிடம் எஞ்சினைப் பிரித்தது ஆகியவை அதற்குள் அடங்கமாட்டா. வாக்குறுதியின் அளவும் வரையறுக்கப்பட்டதே. ஜம்மு காஷ்மீரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற மாருதி கார் வழக்கொன்றில், குறையுள்ள பாகத்தைச் செப்பனிடுவதும் மாற்றுவதுமே வாரண்டி நிபந்தனையில் சொல்லப்பட்டிருப்பதால், முழுக் காரையும் மாற்றித் தருமாறு கீழே பிறந்த உத்தரவு நிலைக்காது என்று 2006இல் தீர்ப்பாயிற்று. "புது வண்டியே வேண்டும்" என்று முதல் நாளே போர்க்கொடி தூக்குகிறவர்கள் இத்தீர்ப்பை நினைவில் வைப்பது நல்லது.

ஆனால் பாதை அடைபட்டுவிடவில்லை. ஃபியட் காரொன்றின் எஞ்சினில் இயல்புக்கு மாறான சத்தம் எழுந்தது பற்றிய வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியைத் திறந்து வைத்தது. சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் வண்டியை ஆராய்ந்து, தயாரிப்பிலேயே குறை இருப்பதாகக் கண்டால், காரின் விலை, ஆயுள் வரி, கட்டிய தவணை ஆகியவற்றை 12 சதவீத வட்டியோடும் வழக்குச் செலவோடும் வாங்கியவர் பெற உரியவர் என்றது. 2004இல் பிரீமியர் கம்பெனியின் டீசல் கார் வழக்கிலோ, குறையுள்ள வண்டியைப் புத்தம் புதியதென்று விற்றதுமல்லாமல், குறையை ஒப்புக்கொள்ளாமல் மேல் நீதிமன்றம் வரை வழக்காடியதை வெட்கக்கேடு என்ற பொருளில் அதே நீதிமன்றம் கண்டித்தது. ஆக, வழக்கின் உயிர்நாடி வல்லுநர் அறிக்கையில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பரிசோதித்தாலன்றிக் குறையை அறிய இயலாத பொருளைத் தக்க ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்திற்கு அதிகாரம் தருகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. அதற்குப் பதிலாக 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவிலும் இருக்கிறது.

நம் வாசகரிடம் பேசிக்கொண்டிருக்கையில்தான் இன்னொரு செய்தி வெளிவந்தது. மழைக்கு முந்தைய ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதே காரில் கூலன்ட் அடிக்கடி குறைந்திருக்கிறது. சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டருகே ஏறியிருக்கிறது. இருமுறை சர்வீஸ் நிலையத்திற்குக் கொண்டு போயிருக்கிறார். முதல் முறை ஜாப் கார்டில் "கூலன்ட் குறைகிறது" என்று எழுதினார்கள். இரண்டாம் முறை "பொதுப் பரிசோதனை" என்று மட்டும் எழுதி, கூலன்டை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது எஞ்சினைத் திறந்தபோது ஹெட் கேஸ்கட்டிலும் கசிவு காணப்பட்டதாக அவர்கள் தந்த தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. அவரோ அதைப் படிக்கவே இல்லை!

இதுதான் என்னை உறுத்தியது. அவருக்கு நியாயமான முறையீடு ஒன்று இருந்தது. வாரண்டிக் காலத்தில், மழைக்கு முன்பே, எழுத்தில் பதிவான குறை அது. ஆனால் "தண்ணீரில் போகவில்லை" என்ற ஒரு சொல், அந்த மெய்யான முறையீட்டின் மீதும் கறை பூசிவிட்டது. ஒன்றில் பொய் சொன்னவரின் மற்றொன்றை யார் நம்புவார்?

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்துப் பார்த்த வரலாறு நாமனைவரும் ஜும்ஆ பயானில் கேட்டதே. விரல்களில் ஈரம் பட்டது. வினவியபோது, மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றமாயிற்று. நம்மவர்கள் இந்நிகழ்ச்சியைக் கடைக்காரருக்கு உரியதாகவே எண்ணிக் கேட்கிறோம். ஜாப் கார்டில் கையொப்பமிடும் வாடிக்கையாளருக்கும் அது உரியதுதான்.

விற்ற பொருளில் குறை கண்டால் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டென்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. நுகர்வோர் சட்டம் நேற்று வந்தது. இது பல நூற்றாண்டுப் பழமையுடையது. அதில் நம் காரியத்திற்கு உதவும் நுட்பம் ஒன்றுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்ததும் தாமதமின்றித் திருப்ப முற்பட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அத்தகைய அவசரம் சொல்லப்படாவிடினும், குறை தெரிந்த பின்னும் பொருளை உவந்து பயன்படுத்தினால் அது சம்மதமாகக் கொள்ளப்பட்டு உரிமை போய்விடும். முள் சிவப்பில் ஏறிய பின்னும் "அழகர்கோயில் வரை போய் வந்துவிடலாம்" என்று ஓட்டுகிறோமே, அதற்கு வாரண்டிக்காரர் சொல்லும் பதிலும் ஏறத்தாழ இதுதான். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் நம் கணக்கில் எழுதப்படும். (மார்க்கச் சட்டத்தின் நுணுக்கங்களை உங்கள் மஹல்லா ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.)

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வண்டியை விடும்போது உங்கள் குறையை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்; "பொதுப் பரிசோதனை" என்று எழுதினால் கையொப்பமிடாதீர்கள். எஞ்சினைத் திறக்கும் முன் நீங்களோ உங்களைச் சேர்ந்த ஒருவரோ உடனிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களைத் தூக்கியெறிய விடாதீர்கள். நாளை வல்லுநர் பார்க்க வேண்டியவை அவைதாம். மறுப்பை வாய்ச்சொல்லாக ஏற்காமல், காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதன் கடைசி வரி வரை படியுங்கள்!

ஆணையத்தை அணுகுவது முன்போல் கடினமன்று. வாங்கிய ஊர் எதுவாயினும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஆகவே தல்லாகுளத்துக்காரர் மதுரையிலேயே வழக்கிடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த விலை 50 இலட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 இலட்சம் வரை கட்டணமே இல்லை. 10 இலட்சம் வரை 200 ரூபாய், 20 இலட்சம் வரை 400 ரூபாய், அதற்கு மேல் 50 இலட்சம் வரை 1000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. முதற்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிட்டுப் பார்க்கலாம். கணவர் வளைகுடாவில் இருக்க, அவர் பெயரில் உள்ள வண்டியை இங்கே பயன்படுத்தும் சகோதரிகள் தயங்க வேண்டாம். வாங்கியவரின் இசைவோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. வாடகைக் கார் ஓட்டும் சகோதரர், சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுகிறவராயின் அவரும் நுகர்வோரே. பல வண்டிகளை வாடகைக்கு விட்டுத் தொழில் நடத்துபவர் அவ்வாறு ஆகமாட்டார்.

இன்சூரன்ஸ் குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்துகளுக்குள் இப்பத்தி நுழையவில்லை. மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம். அது மட்டும் எடுத்திருப்பவருக்கு எஞ்சின் சேதத்தில் ஒரு காசும் வராது. முழுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்கும். ஆனால் பின்விளைவான சேதம், இயந்திரப் பழுது ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ததால் வளைந்த ராடு அந்த விலக்கில் விழும் என்பதே கம்பெனிகளின் வாதம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே ஒரு சேர்ப்பு உண்டு. அது உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். மறுப்பில் உடன்பாடில்லையெனில், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நம் வாசகருக்கு நான் சொன்னது ஒன்றே: "வழக்குக்கு முன் அந்த வாக்குமூலத்தைத் திருத்துங்கள்." இரண்டு கடிதங்கள் எழுதினோம். சர்வீஸ் நிலையத்திற்கு எழுதியதில், வண்டி தண்ணீரில் நின்றது உண்மை, முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு, மழைக்கு முந்தைய கூலன்ட் குறையையும் கேஸ்கட் கசிவையும் மட்டும் தனியே பிரித்து, அதற்கு வாரண்டி கோரினோம். வளைந்த ராடை அவர்களிடம் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அதே உண்மையை எழுதினோம். "இப்படி எழுதினால் இருப்பதும் போய்விடுமே" என்று அவர் முதலில் கலங்கினார். போவதற்கு அப்போது அவரிடம் எதுவும் மீதமில்லை என்பதை நினைவூட்டினேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரை மீண்டும் அனுப்பி, தண்ணீர் புகுந்ததால் நேர்ந்த சுத்திகரிப்புக்கும் சில பாகங்களுக்கும் பணம் தந்தது; ராடுக்குத் தரவில்லை. கேஸ்கட் செலவைச் சர்வீஸ் நிலையம் ஏற்றுக்கொண்டது. எஞ்சியதை அவரே செலுத்தினார், அது பெருந்தொகைதான்.

தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலில் அக்கடிதங்களைச் சேர்க்கப் புறப்படும் முன், அவருடைய மகன் பேனாவை வாங்கி, இன்சூரன்ஸ் கடிதத்தின் அடியில் தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "நின்ற பிறகு நான் மூன்று முறை சாவியைத் திருகினேன்." தந்தை அதைப் படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உறையில் இட்டு ஒட்டினார்.