ஐந்து மொழிக்கு ஒரே மெட்டு

தெலுங்கில் ஒரு மெட்டு பிறக்கிறது. கையோடு கையாகத் தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி வரிகள் அதன்மேல் ஏறிவிடுகின்றன. ஹைதராபாத்தில் ஒலிக்கும் பாட்டுத்தான் கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் பஸ் கோமாரியைத் தாண்டும்போதும் ஒலிக்கிறது. ‘பான் இந்தியா’ படக்காரர்களுக்கு இது சாதனை. கேட்பவர் பக்கம் நின்று பார்த்தால், நட்டப்படுவது தமிழ்ப் பாட்டு.

2021இல் வந்த ‘புஷ்பா’ இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத்துக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதன் ‘ஸ்ரீவள்ளி’யைத் தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம் நான்கிலும் சித் ஸ்ரீராமே பாடினார், இந்திக்கு மட்டும் ஜாவேத் அலி. சித் ஸ்ரீராமின் குரலில் குறையில்லை. ஆனால் நான்கிலும் அதே இழுப்பு, அதே மூச்சு. எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்பதை மெட்டே முடிவுசெய்துவிடுகிறது, மொழிக்கு அங்கே வேலையில்லை. அதே படத்தின் ‘ஊ சொல்றியா’வை ஐந்து மொழிகளில் ஐந்து பெண்கள் பாடினார்கள். தெலுங்கில் இந்திராவதி சௌகான், தமிழில் ஆண்ட்ரியா. விவேகா எழுதிய பேச்சுத்தமிழ் ஆண்ட்ரியாவின் வாயில் அத்தனை எகத்தாளமாக விழுகிறது. மொழிமாற்றுப் பாட்டு என்பதே மறந்துபோகிறது.

‘ஆர்ஆர்ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ 2023 மார்ச்சில் ஒஸ்கார் வென்றது. விருது இசையமைத்த கீரவாணிக்கும், தெலுங்கு வரிகளை எழுதிய சந்திரபோஸுக்கும். ஆலமர நிழலில் கூடும் இளைஞர்கள், சோள ரொட்டியோடு மிளகாய்த் துவையல் என்று ஒரு தெலுங்குக் கிராமத்தையே அவர் அந்தத் துள்ளலுக்குள் வைத்திருந்தார். தமிழில் ‘நாட்டுக் கூத்து’ எழுதிய மதன் கார்க்கி கைதேர்ந்தவர். என்றாலும் தெலுங்கு மெட்டின் அசைக்கும் நடிகரின் உதட்டசைவுக்கும் நடுவில் அகப்பட்டால் எந்தக் கவிஞருக்கும் தன் ஊரைக் கொண்டுவர இடம் கிடைக்காது.

பாட்டு மொழி கடந்து போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம். 1992இல் ‘ரோஜா’ தமிழில் முழுமையாகப் பிறந்து, ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது தேடித் தந்தது. பிறகுதான் இந்தி பேசியது. 2024இல் மலையாளப் படமான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, 1991ஆம் ஆண்டின் ‘குணா’ படப் பாட்டைத் தமிழிலேயே, இளையராஜாவின் இசையோடு அப்படியே வைத்தது. குகைக்குள் விழுந்த நண்பனை மேலே கொண்டுவரும் காட்சியில் அது ஒலித்தபோது எந்த மலையாளியும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. அதே ஆண்டு ‘ஆவேசம்’ படத்துக்கு சுஷின் ஷியாம் இசையமைத்த ‘இல்லுமினாட்டி’யும் மலையாளமாகவே கேரளத்தைத் தாண்டியது.

இலங்கையருக்கும் இந்த அனுபவம் உண்டு. யொஹானியும் சதீஷனும் பாடிய ‘மெனிக்கே மகே ஹித்தே’ 2021இல் சிங்களச் சொற்களோடுதான் இந்தியாவைச் சுற்றிவந்தது. அடுத்த ஆண்டு ‘தேங்க் காட்’ என்ற இந்திப் படம் அதற்கு இந்தி வரி பூட்டியது. யொஹானியே பாடியும் முதல் பாட்டின் துடிப்பு அதில் இல்லை.

கோமாரி, கல்முனைப் பக்கத்து மக்களைத் தென்னிந்தியப் படக் கம்பனிகள் தம் சந்தையாக எண்ணுவதில்லை. ஆனால் வயற்காவலில் இட்டுக்கட்டிய நாலடிக் கவியும் கோலடித்து ஆடும் பொல்லடியின் தாளமும் பழக்கிய காது இந்தக் கரையுடையது. எந்தச் சொல் தாளத்தில் தானாக உட்காருகிறது, எதை இழுத்துவந்து உட்காரவைத்தார்கள் என்று அந்தக் காதுக்குத் தெரியும்.

அந்தக் காதுக்கு வானொலி துணைநிற்கலாம். பாட்டுக்கு முன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்வதை பி. எச். அப்துல் ஹமீத் தலைமுறை வானொலி அறிவிப்பாளர்கள் கடமையாகவே வைத்திருந்தார்கள். இன்றைய கிழக்கிலங்கை அறிவிப்பாளர்கள் அதை மீட்டெடுக்க வேண்டும். பாட்டு முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கிழமைக்கு ஒருமுறையாவது மூலத்தையும் தமிழ் வடிவத்தையும் அடுத்தடுத்துப் போடட்டும்.